சிஆர்பி சிவப்புல வந்தா பதறணுமா? டைப் ஒன் பிள்ளைங்க பத்தி வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல நிறைய டைப் ஒன் சுகர், அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத வகை, இருக்கற பிள்ளைங்க பத்திதான், அதுலயும் இன்ஃப்ளமேஷன்ங்கற அழற்சி, அதை காட்டற சிஆர்பி டெஸ்ட்னு கேட்டு வந்தது ஜாஸ்தி. யாரோ வாட்ஸ்அப்ல எதையோ சுத்த விட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன். சரி, ஒண்ணொண்ணா பாப்போம்.

டாக்டரம்மா, எம் மகளுக்கு வயசு 15. ஒம்பது வயசுலேருந்து டைப் ஒன் சுகர், தினம் நாலு ஊசி போடுறோம். காரைக்குடியில ஒரு லேப்ல முழு உடம்பு பேக்கேஜ் ஆஃபர்னு போட்டிருந்தாங்க, எடுத்தோம். மூணு மாச சராசரி சுகரை காட்டற ஹெச்பிஏ1சி 7.4. ஆனா சிஆர்பியை நுணுக்கமா அளக்கற ஹெச்எஸ்-சிஆர்பி 4.8னு சிவப்பு எழுத்துல வந்திருக்கு, பக்கத்துலயே இதய நோய் அபாயம் அதிகம்னு போட்டிருக்கு. எனக்கு தூக்கமே இல்ல, பிள்ளைகிட்ட இன்னும் சொல்லல. இந்த வயசுலயே ஹார்ட்டா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

ஆச்சி, முதல்ல நல்லா தூங்குங்க. அந்த சிவப்பு எழுத்து உங்க பொண்ணை பாத்து எழுதினது இல்ல. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா அபாயம் கம்மி, 1லேருந்து 3 வரை நடுத்தரம், 3க்கு மேல அதிகம்ங்கற கணக்கு பெரியவங்களோட ஹார்ட்டுக்காக போட்டது, கம்ப்யூட்டர் வயசு பாக்காம எல்லாருக்கும் அதே வரியை அடிச்சு குடுத்துடுது.

சிஆர்பிங்கறது ஈரல் தயாரிக்கிற ஒரு புரோட்டீன். உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா அங்கேருந்து இன்டர்லூகின் 6னு ஒரு சிக்னல் ஈரலுக்கு போகும், ஈரல் உடனே சிஆர்பியை ரத்தத்துல விடும். ஆனா எங்க, எதனாலனு அது சொல்லாது. வாசல்ல நாய் குரைக்குது, வந்தது திருடனா பக்கத்து வீட்டு பூனையானு நாமதான் எந்திரிச்சு போய் பாக்கணும், அந்த மாதிரிதான். சளி காய்ச்சல், பல் ஈறு வீக்கம், கால்ல ஒரு புண்ணு, முதல் நாள் ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ்ல ஓடினது, இதுல எது இருந்தாலும் ஏறும். பீரியட்ஸ் ஒழுங்கா வரதுக்கு ஹார்மோன் மாத்திரை போடுறாளா? அதுலயும் ஏறும். வெயிட் கூட இருந்தா கொழுப்பு செல்லுங்களே அந்த சிக்னலை அனுப்பும். அதனால அவ நல்லா இருக்கும்போது, எந்த காய்ச்சலும் சளியும் இல்லாம ரெண்டு மூணு வாரம் கழிச்சு, அதே லேப்லயே இன்னொரு தடவை எடுத்து பாருங்க. 10க்கு மேல வந்தா ஹார்ட் கணக்கே போடக்கூடாது, இன்ஃபெக்ஷன் எங்கனு தேடணும். யூனிட்டையும் பாருங்க, சில லேப்ல டெசிலிட்டருக்கு போடுவாங்க, அங்க 0.48னு இருந்தா அது இதே 4.8தான், நம்பரை மட்டும் பாத்து குறைஞ்சிடுச்சுனு சந்தோஷப்பட்டவங்களும் உண்டு.

அப்போ இது சும்மாவா டாக்டர்னு கேப்பீங்க. சும்மா இல்ல. டைப் ஒன் இருக்கற பிள்ளைங்களை கூட்டமா எடுத்து பாத்தா, சுகர் இல்லாத அதே வயசு பிள்ளைங்களை விட இந்த அழற்சி மார்க்கர் எல்லாம் கொஞ்சம் கூடத்தான் இருக்குனு பல ஆய்வுல வந்திருக்கு, இன்டர்லூகின் 6 சுகர் கன்ட்ரோல்ல இருக்கற பிள்ளைங்கள்லயே கூட கொஞ்சம் ஏறியிருக்கறதை பாத்திருக்காங்க. சுகர் ரொம்ப நேரம் மேல நின்னா ரத்தக்குழாயோட உள் சவ்வு எரிச்சலாகுது, அதுதான் ஒரு காரணம். சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகும்போதும் அழற்சி ஏறுதுங்கறது நிறைய பேருக்கு தெரியாது, 50க்கு போயி திரும்ப 300க்கு போற பிள்ளைக்கு ஆவரேஜ் அழகா இருக்கும், உள்ள ரத்தக்குழாய்க்கு நிம்மதி இருக்காது. ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, கணையத்துல இன்சுலின் செல்லை அழிச்சதே அந்த அழற்சி வேற, அது இந்த டெஸ்ட்ல தெரியாது, அதனால சிஆர்பி ஏறிடுச்சு நோய் முத்திடுச்சுனு அர்த்தம் கிடையாது.

ஆனா இந்த வயசுல சிஆர்பியை குறைக்கறதுக்குன்னு தனியா ஒரு மாத்திரை கிடையாது, இந்த நம்பரை வச்சு நாங்க வைத்தியத்தை மாத்தறதும் இல்ல. எதை மாத்தினா எதிர்காலம் மாறும்னு தெளிவா தெரிஞ்ச விஷயம் வேற இருக்கு. 1983லேருந்து 1993 வரைக்கும் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் டிசிசிடினு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 13லேருந்து 39 வயசு வரைக்கும் 1441 பேரு. ஒரு பாதி பேருக்கு ஹெச்பிஏ1சி 7 பக்கத்துல வச்சிருந்தாங்க, இன்னொரு பாதிக்கு 9 பக்கத்துல. 7 பக்கத்துல இருந்தவங்களுக்கு கண் பாதிப்பு புதுசா வர்ற வாய்ப்பு 76 சதவீதம் கம்மி. அதுக்கப்புறம் ரெண்டு கூட்டத்துக்கும் அளவு கிட்டத்தட்ட ஒண்ணாவே ஆகிடுச்சு, அப்பவும் பல வருஷம் கழிச்சு பாத்தா முதல்ல நல்லா வச்சிருந்தவங்களுக்கு ஹார்ட் சம்பந்தப்பட்ட பிரச்சனை 42 சதவீதம் கம்மி! அதாவது சின்ன வயசுல போட்ட உழைப்பை உடம்பு மறக்கறதில்ல. உங்க பொண்ணு 7.4ல இருக்கா, சராசரி சுகர் 165 பக்கம்னு அர்த்தம், இலக்கு 7க்கு கீழ, தொட்டுடற தூரம்தான். பிபி, கொழுப்பு, கிட்னி நிலைமையை காட்டற யூரின் ஆல்புமின், இது மூணும் நார்மலானு பாருங்க, அது அந்த 4.8ஐ விட ஆயிரம் மடங்கு முக்கியம்.

இன்னொண்ணு, ஹீமோகுளோபின் எவ்வளவுனு நீங்க எழுதவே இல்ல. இந்த வயசு பொண்ணுங்களுக்கு இரும்புச்சத்து கம்மியா இருந்தா ஹெச்பிஏ1சி இருக்கறதை விட கொஞ்சம் கூடவே காட்டும், அழற்சிக்கு பாக்கற இன்னொரு டெஸ்டான ஈஎஸ்ஆரும் ஏறும். அதையும் பாத்துடுங்க. அப்புறம் பிள்ளைகிட்ட மறைக்காதீங்க, 15 வயசு, அவ ஃபோன்ல தேடி பாத்து உங்களை விட ஜாஸ்தி பயந்து போய் உக்காந்திருப்பா.

எனக்கு 19 வயசு, காரைக்குடியில இன்ஜினியரிங் படிக்கிறேன், 11 வயசுலேருந்து டைப் ஒன். காலேஜ் சேந்த அப்புறம் வெயிட் 14 கிலோ ஏறிடுச்சு, தொப்பை வேற. முன்னாடி 50 யூனிட் போதும், இப்ப 90 போட்டாலும் சுகர் எறங்க மாட்டேங்குது. இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் டைப் டூவுக்குத்தானே, டைப் ஒன்னுக்கு வராதுல்ல? ஃப்ரெண்டு டைப் டூ மாத்திரை மெட்ஃபார்மின் போட்டு பாருங்கறான்.
– ஒரு மாணவர், காரைக்குடி

வரும் தம்பி. இதுக்கு டபுள் டயபடிஸ்னு பேச்சுவழக்குல பேரே வச்சிருக்கோம். இன்சுலின் சுரக்காதது ஒரு பக்கம், போடுற இன்சுலினை உடம்பு மதிக்காதது இன்னொரு பக்கம். வயசுக்கு வர்ற காலத்துல வளர்ச்சி ஹார்மோனால எல்லா பிள்ளைங்களுக்கும் கொஞ்ச நாள் இது வரும், அப்ப டோஸ் நல்லாவே ஏறும், அது இயற்கை. உங்களுக்கு 19, அந்த சாக்கு கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. இப்ப ஏறுறது வயித்து கொழுப்பால. அந்த கொழுப்புதான் நான் மேல ஆச்சிக்கு சொன்ன அழற்சி சிக்னலையும் அனுப்புது, ட்ரைகிளிசரைடை ஏத்துது, நல்ல கொழுப்பை இறக்குது, பிபியையும் மெதுவா தூக்குது. சுகர் நம்பர் ஒண்ணை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா இது எதுவும் கண்ணுல படாது.

ஆனா 90 யூனிட்னு சொன்ன உடனே ரெசிஸ்டன்ஸ்னு முடிவு கட்டிடாதீங்க. ஒரே இடத்துல குத்தி குத்தி தோலுக்கு கீழ கட்டி ஆயிருக்கானு தடவி பாருங்க, அந்த கட்டியில போட்டா இன்சுலின் ஒழுங்கா ஏறாது, இந்த ஒரு காரணத்தாலயே டோஸ் ஏத்திக்கிட்டே போறவங்க நிறைய. அடுத்து லோ. ராத்திரி லோ ஆயி பயத்துல ஒரு பாக்கெட் பிஸ்கட் காலி பண்றீங்களா? லோவுக்கு 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரை போதும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாக்கணும், 70க்கு மேல வரலைன்னாதான் இன்னொரு தடவை. லோ, சாப்பாடு, ஹை, இன்சுலின், மறுபடி லோனு சுத்தற வட்டத்துலதான் பல பேருக்கு வெயிட் ஏறுது. ஹாஸ்டல் மெஸ் பரோட்டாவுக்கும் பங்கு இருக்கு, அதை நான் சொல்லி நீங்க விடப்போறதில்ல, ராத்திரி 11 மணிக்கு சாப்பிடறதையாவது விடுங்க.

மெட்ஃபார்மின் விஷயம். டைப் ஒன் இளைஞர்களுக்கு குடுத்து பாத்திருக்காங்க, இன்சுலின் டோஸும் வெயிட்டும் கொஞ்சம் குறையுது, ஆனா ஹெச்பிஏ1சி நிலையா குறையல. ஒரு சிலருக்கு டாக்டர் யோசிச்சு எழுதலாம், ஃப்ரெண்டு எழுதக்கூடாது. இன்சுலினுக்கு பதிலா அது கிடையவே கிடையாது. யூரின்ல சுகரை தள்ளுற க்ளிஃப்ளோசின் வகை மாத்திரைனு அடுத்து எவனாவது சொல்லுவான், அதை தொடாதீங்க, டைப் ஒன்ல சுகர் நம்பர் நல்லா இருக்கும்போதே ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறி ஐசியூ வரைக்கும் கொண்டு போயிடும். வெயிட் குறையணும்னு இன்சுலினை வேணும்னே குறைக்கறதும் அதே ஐசியூ வழிதான், அப்படி ஒரு யோசனை மனசுல ஓடினா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, இந்த வயசுல அது நிறைய பேருக்கு வருது.

பேரனுக்கு எட்டு வயசு. நாலு மாசத்துக்கு முன்ன சுகர்னு சொல்லி ஊசி ஆரம்பிச்சாக. தெரிஞ்சவுக ஒரு கசாயம் குடுத்தாக, உடம்பு வீக்கமெல்லாம் அடங்கி நோயே போயிரும்னாக. கசாயம் குடிச்ச ரெண்டே மாசத்துல ஊசி அளவு பாதியா கொறஞ்சிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல நிப்பாட்டிரலாமா? கவுனி அரிசி குடுக்கலாமா?
– ஒரு அப்பத்தா, தேவகோட்டை

அப்பத்தா, நிப்பாட்டக்கூடாது. ஒரு நாள் கூட.

டோஸ் குறைஞ்சது கசாயத்தால இல்ல. புதுசா டைப் ஒன் கண்டுபிடிச்சு ஊசி ஆரம்பிச்ச உடனே, மிச்சம் இருக்கற கொஞ்சம் இன்சுலின் செல்லுங்க ஓய்வு கிடைச்சு மறுபடி வேலை செய்யும், இதை ஹனிமூன் காலம்னு சொல்லுவோம். சில மாசம், சிலருக்கு ஒரு வருஷம் போல இருக்கும், அப்புறம் முடிஞ்சிடும். கசாயம் குடிக்காத பிள்ளைக்கும் இதேதான் நடக்கும். இந்த நேரத்துல ஊசியை நிறுத்தின பிள்ளைங்க வாந்தியும் மேல்மூச்சுமா மயங்கி வருவாங்க, அதுதான் கீட்டோஅசிடோசிஸ், உயிர் போற விஷயம். 1922 ஜனவரியில டொரான்டோவுல 14 வயசு பையன் ஒருத்தனுக்குத்தான் உலகத்துலயே முதல்ல இன்சுலின் போட்டாங்க, அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க ரொம்ப நாள் இருந்ததில்ல. அந்த கசாயத்துல என்ன இருக்குனும் யாருக்கும் தெரியாது, ஈரலும் கிட்னியும் பேரனோடது, நிப்பாட்டறதா இருந்தா அதை நிப்பாட்டுங்க.

வீக்கம் அடங்கும்னு மஞ்சத்தூளை தனியா குடுக்க வேணாம், குழம்புல போடுற அளவு போதும். கவுனி அரிசி குடுக்கலாம், கறுப்பா இருக்கறதால சுகர் ஏறாதுனு மட்டும் நினைக்காதீங்க, அதுவும் மாவுச்சத்துதான், அதுலயும் பிசுபிசுப்பான அரிசி வேகமா ஏத்தும், நம்ம பக்கம் அதுல சர்க்கரையும் தேங்காயும் போட்டுத்தானே பரிமாறுவோம். விசேஷ நாள்ல ஒரு சின்ன கிண்ணம், அதுக்கு கணக்கு பண்ணி ஊசி, அவ்வளவுதான். வெள்ளை பணியாரம், கந்தரப்பம் எல்லாத்துக்கும் இதே கணக்கு. பந்தியில உக்கார வச்சுட்டு இவனுக்கு மட்டும் இல்லைனு சொல்லாதீங்க அப்பத்தா.

அழற்சியை பாக்க இன்டர்லூகின் 6, டிஎன்எஃப்னு எல்லாம் டெஸ்ட் இருக்காமே, வருஷா வருஷம் எடுக்கணுமா? பையனுக்கு 12 வயசு, டைப் ஒன் வந்து அஞ்சு வருஷம். உண்மையிலயே எதெல்லாம் எடுக்கணும்?
– ஒரு தகப்பனார், கானாடுகாத்தான்

அதெல்லாம் ஆராய்ச்சிக்கு எடுக்கறது அண்ணே, உங்க காசுல வேணாம். ஹெச்பிஏ1சி மூணு மாசத்துக்கு ஒரு தடவை. வெயிட், உயரம், பிபி ஒவ்வொரு தடவை டாக்டரை பாக்கும்போதும். 11 வயசு தாண்டிட்டதால காலை முதல் யூரின்ல ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் வருஷத்துக்கு ஒரு தடவை, கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு கீழ இருக்கணும். கொழுப்பு டெஸ்டும் இந்த வயசுல ஆரம்பிக்கணும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் 100க்கு கீழ, நல்லா இருந்தா மூணு வருஷம் கழிச்சு அடுத்தது. கண்ணுக்கு விழித்திரை பரிசோதனை, கண்ணாடி பவர் பாக்கறது இல்ல, சொட்டு மருந்து விட்டோ கேமரா வச்சோ உள்ள பாக்கறது. தைராய்டு, கோதுமை ஒத்துக்காத சீலியாக் டெஸ்ட், ரெண்டும் டைப் ஒன் பிள்ளைங்களுக்கு கூடவே வர வாய்ப்பு இருக்கறதால டாக்டர் சொல்ற இடைவெளியில. பல் டாக்டரை விட்டுடாதீங்க, ஈறு நோய் சுகரையும் ஏத்தும் சிஆர்பியையும் ஏத்தும், இதை யாருமே கேக்க மாட்டேங்கறாங்க.

மிச்ச காசுக்கு ஸ்ட்ரிப் வாங்குங்க, முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு தோல்ல ஒட்டி சுகரை விடாம பாக்கற சென்சார் போட்டு பாருங்க, 70க்கும் 180க்கும் நடுவுல ஒரு நாள்ல எவ்வளவு நேரம் இருக்கான்னு தெரிஞ்சா எந்த மார்க்கரும் சொல்லாதது தெரிஞ்சிடும், 70 சதவீதத்துக்கு மேல இருந்தா நல்லது. ஸ்ட்ரிப்ல நடக்கறதும் மின்வேதியியல்தான் அண்ணே, ரத்தத்துல இருக்கற குளுக்கோஸ் ஒரு நொதியோட சேந்து எலக்ட்ரானை விடுது, மீட்டர் அந்த கரண்டை அளக்குது. அழகப்பச் செட்டியார் நிலம் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டின நம்ம காரைக்குடி சிக்ரி இந்த மின்வேதியியலுக்குன்னே வந்த ஆராய்ச்சி நிலையம், பையனுக்கு சயின்ஸ்ல ஆசை இருந்தா சொல்லி வைங்க.

தம்பிக்கு 17, டைப் ஒன். தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அனுப்பலாமா?
– ஒரு அக்கா, புதுவயல்

அனுப்பலாம், டாக்டரை பாத்துட்டு, தனியா இல்லாம. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம்னு நாள் கணக்கா நடக்கும்போது தசை சுகரை இழுத்துக்கிட்டே இருக்கும், ராத்திரி படுத்த பிறகும் இழுக்கும், அதனால லோதான் முதல் பயம். நீண்ட நேர இன்சுலினை எவ்வளவு குறைக்கணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க, குறைக்கறது வேற நிறுத்தறது வேற. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும், நடுராத்திரி ஒரு தடவை பாக்கணும், குளுக்கோஸ் பாக்கெட் பையில இல்லாம சட்டை பாக்கெட்டுல இருக்கணும். விரதம்னு பட்டினி வேணாம், முருகன் கோவிச்சுக்க மாட்டார். இன்சுலினை வண்டி டேஷ்போர்டுல வைக்காம ஈரத்துணி சுத்தின சின்ன மண் கலயத்துல, தண்ணி உள்ள போகாத மாதிரி வச்சு கூட வர்றவங்க யாராவது நிழல்ல எடுத்து வரட்டும். கூட நடக்கற ரெண்டு பேருக்காவது லோ வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும். வெறுங்கால் வேண்டுதல்னா டாக்டர் வேணாம்னுதான் சொல்லுவார், நானும் அதையேதான் சொல்றேன், பழகின செருப்பு போடட்டும், ராத்திரி பாதத்தை லைட் அடிச்சு பாக்கணும், கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

திரும்பி வந்த உடனே எந்த லேப் ஆஃபருக்கும் கூட்டிட்டு போயிடாதீங்க, அவ்வளவு தூரம் நடந்த தசைக்கு சிஆர்பி கண்டிப்பா ஏறியிருக்கும், அப்புறம் அடுத்த மாசம் எனக்கு பள்ளத்தூர் ஆச்சி மாதிரியே ஒரு கடுதாசி வரும்.