காக்காவோட துபாய் கார்டில் திருச்சி டிக்கெட்

கீழக்கரையில் உட்கார்ந்து, துபாய்ல இருக்கிற காக்கா (அண்ணன்) கார்டைப் போட்டுத் திருச்சி விமான டிக்கெட் எடுத்தா கடைசிப் படியில் நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் கார்டில் கோளாறு இருக்காது. ஓடிபியோ பேங்க் ஆப் அனுமதியோ அவர் போனுக்குத்தான் போகும். சில நிமிஷத்துல காலாவதியாகிடும். அவரை லைன்ல வச்சுக்கிட்டு கட்டுங்க. அவரே அங்கிருந்து புக் பண்றது இன்னும் சுலபம், பயணம் போறவர் பேரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அனுப்புங்க.

பில்லிங் முகவரின்னு கார்டுக்காரர் முகவரி கேட்கிற இடத்துல கீழக்கரை வீட்டைப் போடாதீங்க. பேங்க்கில் பதிவான துபாய் முகவரிதான். ரூபாயில் விலை போட்ட டிக்கெட்டுக்கு, திர்ஹாமில் கட்டவா ரூபாயில் கட்டவான்னு கேட்டா ரூபாயே போடுங்க, அந்தத் திர்ஹாம் கணக்குல பெரும்பாலும் மாற்று விகிதத்தை ஏத்தி வச்சிருப்பாங்க. பணம் பிடிச்சும் பிஎன்ஆர் (டிக்கெட் பதிவு எண்) வரலேன்னா உடனே மறுபடி கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது வெறும் ஹோல்ட், அதாவது பேங்க் தற்காலிகமா நிறுத்தி வச்ச பணம், தானா திரும்பிடும்.

அடுத்தவர் கார்டுன்னா செக்-இன்ல நகல் கேட்கலாம். கடைசி 4 இலக்கம் தவிர மத்ததையும் சிவிவியையும் (கார்டின் ரகசிய எண்) மறைச்சு, அவர் கையெழுத்திட்ட கடிதத்தோட எடுத்துட்டுப் போங்க.