மகளை அமெரிக்க முகாமுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அக்கா,

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கிரேடு 9. கணக்கு வகுப்பில் மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். டீச்சர் அடுத்த கிரேடு புத்தகத்தைக் கொடுத்தார், அதையும் முடித்துவிட்டாள். இப்போது ஒரு ஏஜென்ட், அமெரிக்காவில் இரண்டு வார சம்மர் கேம்ப் இருக்கிறது, பெரிய யுனிவர்சிட்டி வளாகத்தில் தங்கலாம், சர்டிபிகேட் உண்டு என்கிறார். நகையை அடகு வைத்தால்தான் முடியும். அனுப்பலாமா? ஒரு கிரேடு தாண்டிப் போடச் சொல்லியும் சிலர் சொல்கிறார்கள்.

ர., டர்பன்

அன்புள்ள ர.,

நகையை வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் நல்ல முகாமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆர்னால்ட் ராஸ் 1957ல் தொடங்கிய கணித முகாம் இன்றும் நடக்கிறது, பாஸ்டனில் புரோமிஸ் 1989லிருந்து நடக்கிறது, இரண்டுமே ஆறு வாரம், முதல் வருடம் போகிற பிள்ளைக்கு எண் கோட்பாடுதான் மூச்சு, அதாவது முழு எண்களின் குணங்களை ஆராயும் கணக்கு. ஆனால் அங்கே சேர, அவர்கள் கொடுக்கும் கடினமான கணக்குகளோடு வீட்டில் உட்கார்ந்து போராடி, யோசித்ததை எழுதி அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், பணம் கட்ட முடியாதவர்களுக்கு உதவியும் உண்டு. உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள், அந்த முகாமில் சேர என்ன தேர்வு என்று. பாஸ்போர்ட்டும் பணமும் போதும் என்றால் விட்டுவிடுங்கள். பல்கலைக்கழக வளாகத்தை வாடகைக்கு எடுத்து வெளியாட்கள் நடத்தும் முகாம்கள் நிறைய இருக்கின்றன, அந்த வளாகத்தில் படுத்து எழுந்ததால் அந்தப் பல்கலைக்கழகம் பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடாது. அப்புறம், அவர்களுடைய கோடை நமக்குக் குளிர்காலம். நம் பள்ளிகளுக்கு அப்போது கிடைப்பது சில வார லீவுதான், நல்ல ஆறு வார முகாமே கிடைத்தாலும் மூன்றாம் டேர்மின் தொடக்கத்தை விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. ஒரு நாளில் முடியாத கணக்கு எதுவும் அவள் கைக்கு இதுவரை வரவே இல்லை. கிரேடு 10 புத்தகமும் அதே மாதிரிக் கணக்குகள்தானே, கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். இன்று ராத்திரி இதைக் கொடுத்துப் பாருங்கள்: 1 முதல் 100 வரை உள்ள எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், 1ஐத் தவிர வேறு பொது வகுத்தியே இல்லாத இரண்டு எண்கள் அதற்குள் இருந்தே தீரும். ஏன்? ஹங்கேரியில் பால் எர்டிஷ் என்ற கணித மேதை இதைப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத லாயோஷ் போஷா என்ற பையனிடம் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார், பையன் சூப் குடித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டான். பதில் ஒரே வரி, ஆனால் நான் இங்கே எழுதமாட்டேன், நீங்களும் தேடிப்பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். அவள் கண்டுபிடித்துவிட்டால், 50 எண்கள் ஏன் போதாது என்று கேளுங்கள். அந்தப் போஷாதான் பிற்காலத்தில் 1988லிருந்து பிள்ளைகளுக்கு வார இறுதி முகாம்கள் நடத்தினார், பாடமாகச் சொல்லித்தராமல் கணக்கைக் கொடுத்து அவர்களையே கூடிப்பேசிக் கண்டுபிடிக்க விடுவதுதான் அங்கே வழக்கம்.

இந்த மாதிரிக் கணக்குக்கு நீங்கள் நாட்டைவிட்டே போகவேண்டாம். தென்னாப்பிரிக்க கணித ஒலிம்பியாட் என்ற போட்டி இருக்கிறதே, கிரேடு 8, 9 பிள்ளைகள் ஜூனியர், 10 முதல் 12 வரை சீனியர், முதல் சுற்றை அவரவர் பள்ளியிலேயே எழுதலாம். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த நாடு 1992லிருந்து சர்வதேச ஒலிம்பியாடுக்கு அணி அனுப்புகிறது, 2014ல் கேப் டவுனிலேயே அதை நடத்தியது. ஆனால் பள்ளிதான் பதிவு செய்யவேண்டும், பல பள்ளிகள் யாரும் கேட்காததால் செய்வதில்லை. வருடத் தொடக்கத்திலேயே நீங்கள் நேரில் போய்க் கேட்கவேண்டும், கடிதம் போட்டால் மேசையில் கிடக்கும்.

கணக்கு மட்டும்தான் என்றில்லை. எஸ்காம் எக்ஸ்போ என்ற பள்ளி அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் சொந்தமாக ஆய்வு செய்து கொண்டுபோய் வைக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனை என்ன பாடுபடுத்தியது என்று அவளுக்கே தெரியும். ஒரு மழைமானியை முற்றத்தில் வைத்து, எவ்வளவு மழைக்கு உங்கள் தெரு வடிகால் பொங்குகிறது என்று ஒரு வருடம் குறித்துவைத்தாளானால் அது புத்தகத்தில் இல்லாத வேலை.

அப்புறம் துணை வேண்டும், அவளைப் போலவே மண்டையை உடைத்துக்கொள்கிற இரண்டு மூன்று பிள்ளைகள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் போதிய பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் இங்குள்ள நம் ஆட்கள் காசு சேர்த்துப் பள்ளி கட்டினார்கள், டர்பனில் உள்ள சாஸ்திரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளியே அப்படி வந்ததுதான். ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரு கரும்பலகை, ஐந்து பிள்ளைகள், இதற்கு யாரும் நகை வைக்கவேண்டியதில்லை. டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் ஆரம்பிப்பதாக இருந்தால் நான் வருகிறேன்.

கிரேடு தாண்டுவது பற்றி: நம் பெற்றோர்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் ஆபத்து இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜூலியன் ஸ்டான்லி 1971ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், முன்கூட்டியே மேலே போன பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மனநலம் கெட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கணக்கில்தான் அவளுக்குச் சலிப்பு, மற்றப் பாடங்கள் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அப்படியானால் தாண்டவேண்டாம். இந்த வருடக் கடைசியில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தின் பக்கம் யாராவது தள்ளினாலும் போகாமல் மேத்தமாடிக்ஸையே எடுக்கட்டும், கூடவே அட்வான்ஸ்டு புரோகிராம் மேத்தமாடிக்ஸ் என்ற கூடுதல் கணக்குப் பாடத்தையும் கிரேடு 10லிருந்து ஆரம்பிக்கட்டும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதை எழுதலாம். அவள் பள்ளியில் இல்லையென்றால் பக்கத்தில் எந்தப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள் என்று இப்போதே விசாரித்துவையுங்கள்.

அன்புடன்,
அக்கா