வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை அறுக்கும்போது என் சின்ன மெஷினின் வைர பிளேடு திடீரென்று அறுக்க மறுக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பிளேடு தேய்ந்திருக்காது, மழுங்கியிருக்கும். விளிம்பில் வைரத் துகள்களைப் பிடித்துக்கொண்டிருப்பது உலோகம். கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவில் 7 இருக்கும் குவார்ட்ஸையே தொடர்ந்து அறுத்தால் துகள்களின் முனை மழுங்கும். சுற்றியுள்ள உலோகம் தேயாததால் அடுத்த துகள் வெளியே வராது. விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்! உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு இருக்க வேண்டும். வழுவழுவென்று இருந்தால் இதுதான் கோளாறு.

மருந்து மலிவு. உடைந்த சாணைக்கல் துண்டு ஒன்றில், தண்ணீர் ஓட ஓட நாலைந்து வெட்டுப் போடுங்கள். அது இல்லாத நாளில் எனக்குச் செங்கல்லே கைகொடுத்திருக்கிறது. ஆனால் முலாம் பூசிய வகை பிளேடு என்றால் வைரம் ஒரே அடுக்குதான். அது போனால் போனதுதான், மாற்றிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மதுரையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரே உப்பு. பிளேடைக் குளிர்விக்கத் தண்ணீர் விடும் சொட்டுக் குழாயின் வாய் வெள்ளையாகப் படிந்து அடைத்து, பிளேடு சூடாகி நீலம் பாய்ந்துவிட்டது; கல்லும் விரிசல் விட்டது. இப்போது மாதம் ஒருமுறை குழாயை வினிகரில் ஊறவைக்கிறேன். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, மெஷினை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் பிளேடு மாட்டியிருக்கும் தண்டு துருப்பிடிக்காது.

தொட்டியின் அடியில் தங்கும் கல்தூள் சேற்றை சிங்க்கில் ஊற்றாதீர்கள், சிமென்ட் மாதிரி இறுகிவிடும். காயவிட்டுக் கூட்டவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாகவே வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள்.