பம்பைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, என்னுடையது 2003 மாடல் ஆறு சக்கர லாரி. நாமக்கல்லில் லோடு ஏற்றி பெங்களூர் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவை குறைந்து ஆஃப் ஆகிவிடுகிறது. டீசலை ஏற்றும் கை பம்ப் அடித்தால் மறுபடி ஓடுகிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே இறங்கினால்தான் வருகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் பிடிக்கிறது. டீசல் பம்பை இரண்டு முறை காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தாயிற்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் ஆறு நாசிலையும் மாற்றியாயிற்று. புது பம்பே போட்டுவிடலாமா?
– வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பம்போ நாசிலோ கெட்டிருந்தால் டேங்க்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்து அது மக்கர் செய்யாது. வண்டி எங்கோ ஏர் எடுக்கிறது, அதாவது டீசல் வரும் வழியில் காற்று நுழைகிறது. அதுவும் டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் என்பதுதான் என் கணிப்பு.

குழாயின் நடுவிலோ வெல்டு போட்ட இடத்திலோ மெல்லிய விரிசல் விட்டிருக்கும். டேங்க் நிறைந்திருந்தால் விரிசல் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. மட்டம் இறங்கியதும் குழாய் டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஏற்றத்தில் எஞ்சின் நிறைய டீசல் கேட்கிற நேரத்தில் அது தாங்காது. ராத்திரி நிறுத்தி வைத்தால் குழாயில் நிற்க வேண்டிய டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அதுதான்.

வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே என்று நினைப்பீர்கள். ஒழுகாது. டேங்க்கில் இருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தள்ளும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகு இருக்கும் ஓட்டைதான் ஒழுகும்.

முதலில் செலவில்லாத சோதனை. அடுத்த முறை ஆஃப் ஆனதும் ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கழுவினால் போதும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வண்டிக்கு மூன்று முறை பம்பைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இந்தத் துளையைப் பார்த்தேன். அந்த ஓட்டுநருக்கு மூன்று நாள் வாடகை போனது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

சத்தம் வரவில்லையா? ஃபீட் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழம், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி மறுமுனையில் காற்று ஊதுங்கள். பஞ்சர் கடையில் டியூப் பார்ப்பது போலத்தான், விரிசல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடியிலுள்ள சல்லடையில் துருவும் கறுப்பு வழவழப்பும் இருந்தால் டேங்க்கையும் இறக்கிக் கழுவுங்கள். டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் கிருமி வளர்ந்து அந்த வழவழப்பு உண்டாகும். காலி டேங்க்கில் மட்டும் அப்படியே வெல்டு வைக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும், உயிர் போகும்.

திரும்ப மாட்டும்போது செப்பு வாஷர்கள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பத்து ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் மறுபடி ஏர் எடுக்கும். பிறகு ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்ப் அடியுங்கள். அடுத்து பம்பிலுள்ள திருகு. நாசில் குழாய் நட்டைத் தளர்த்த வேண்டி வந்தால் கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாசில்கூட 200 பார் அழுத்தத்துக்கு மேல்தான் திறக்கும். அந்த வேகத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போல் சின்னதாகத் தெரிந்தாலும் அதே மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: இதே மாதிரி பழைய லாரியை சி.ஆர்.டி.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் முறை) ஆக மாற்றினால் மைலேஜ் கூடுமா? டீசல் அளவைப் பூட்டி வைத்திருக்கும் பம்ப் சீலை உடைத்து அளவைக் கூட்டினால் இழுவை வரும் என்கிறார்களே?
– வாசகர், சங்ககிரி

பதில்: சி.ஆர்.டி.ஐ. என்பது பம்பை மட்டும் மாற்றுகிற வேலை இல்லை. நாசில், குழாய், சென்சார், கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாமே வேறு, சிலிண்டர் ஹெட்டிலும் கை வைக்க வேண்டும். அந்தப் பணத்துக்குப் பழைய எஞ்சினை இரண்டு தடவை பிரித்துப் புதிதாக்கலாம். தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் கொடுக்காது.

சீலை உடைத்துக் கூட்டினால் கறுப்புப் புகை வரும். அந்தப் புகை எரியாத உங்கள் காசு. பிஸ்டனும் சூடேறும்.

உருப்படியான மேம்பாடு எதுவென்று கேட்டால், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டுங்கள், அடியில் திருகு உள்ளதாக. வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை வடியுங்கள். விறைத்துப்போன ஹோஸ்களை டீசலுக்கான ஹோஸாக மாற்றுங்கள். ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கூடவே கூடாது, துத்தநாகம் டீசலைக் கெடுக்கும். ராத்திரி நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் வேர்க்க இடம் இருக்காது. நீங்கள் கேட்ட பெரிய மாற்றத்தைவிட இவையெல்லாம் வண்டிக்கு நல்லது.

கேள்வி: இப்போதைய டீசலில் கந்தகம் இல்லை, பழைய மைக்கோ கம்பெனி டீசல் பம்ப் தேய்ந்துவிடும், 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலந்து ஊற்று என்கிறார் கூட ஓட்டுபவர். செய்யலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: தேவையில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி டீசலில் கந்தகம் 50-ல் இருந்து 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஆகக் குறைந்தது உண்மை. கந்தகத்தைப் பிரிக்கும்போது வழவழப்பும் கொஞ்சம் போகும் என்பதும் உண்மை. அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் பம்பில் பார்க்க வேண்டியது பழைய ரப்பர் வளையங்களை. பம்ப் வியர்த்தது போல் ஈரமாக இருந்தால் வளைய செட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.