மேல்நிலைப் படிப்புக்குப் பள்ளி மாற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம். 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகள் இப்போது 10ஆம் வகுப்பில் இருக்கிறாள். பொறியியல் அல்லது வேளாண்மை படிக்க ஆசைப்படுகிறாள். பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் விடுதி வசதியுள்ள தனியார் பள்ளியில் சேர்த்தால்தான் நல்ல கல்லூரி கிடைக்கும் என்கிறார் என் மைத்துனர். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மைத்துனர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாற்றத்தால் உங்கள் மகள் இழக்கப்போவது என்ன என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டில் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளைத் தனியார் பள்ளியில் கழித்தால், கடனும் ஏறும், இந்த ஒதுக்கீடும் கைநழுவும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படுவதால், இடம் மாற்றியே தீர வேண்டுமென்றால் அவற்றை விசாரியுங்கள்.

பள்ளியைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது பாடப்பிரிவைப் பற்றித்தான். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதால், கணிதம் இல்லாத பிரிவை எடுத்துவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் பொறியியல், வேளாண்மை இரண்டுக்கும் வழி திறந்திருக்கும். பாடச்சுமை கூடுதல்தான், கணக்கு அவளுக்கு இயல்பாக வருகிறதா என்பதை அவளுடைய ஆசிரியரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். அப்பிரிவு எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதில்லை என்பதால், பொதுத்தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே தலைமையாசிரியரிடம் விசாரித்துவிடுவது நல்லது.

சாதிச் சான்றிதழையும் இந்த ஆண்டே வாங்கிவிடுங்கள். மற்ற வகுப்பினருக்குப் பெரும்பாலும் வட்டாட்சியர் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் மலைக்கும் சேலத்துக்குமாக அலைந்து கூலியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையெனில், முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பிளஸ் டூ முடிக்கும் சமயத்தில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறேன். 10ஆம் வகுப்பு முடிக்கப்போகும் என் மகன் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறான். பிறகு பி.இ. படிக்க முடியாமல் போய்விடுமா?

பதில்: முடியும். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்குத் தனிக் கலந்தாய்வே நடக்கிறது. நெசவுக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: சேலத்திலேயே 1960 முதல் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அவனை ஒருமுறை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.