கோல்டு ஹெட் சத்தம் நிற்கக் கூடாது: கேள்வி பதில்

திருச்சியிலிருந்து காரைக்கால் வரை எம்.ஆர்.ஐ. மெஷின்களின் குளிர்விப்பான்களைப் பழுது பார்ப்பதுதான் 16 வருடமாக என் வேலை. கிரையோ கூலர், அதாவது கடுங்குளிர் உண்டாக்கும் இந்தக் குளிர்விப்பான் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

கும்பகோணம், ஸ்கேன் சென்டர் நடத்துபவர்: சார், ராத்திரியில் யாரும் ஸ்கேன் எடுக்க வருவதில்லை. கம்ப்ரஸரை நிறுத்தி வைத்தால் கரண்ட் பில் மிச்சம்தானே?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் சார். உங்கள் காந்தத்துக்குள் நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது, மைனஸ் 269 டிகிரி. வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிற வெப்பத்தைக் கோல்டு ஹெட் என்கிற குளிர்விப்பான் தலைதான் இழுத்து வெளியே தள்ளுகிறது. நொடிக்கு ஒரு தரம் 'ட்சிக், ட்சிக்' என்று கேட்கிறதே, அது உள்ளே டிஸ்ப்ளேசர் என்கிற பிஸ்டன் மாதிரியான பாகம் ஏறி இறங்கும் சத்தம். அந்தக் குளிரில் கோல்டு ஹெட் எடுக்கும் வெப்பம் ஒன்று, ஒன்றரை வாட்தான், ஜீரோ வாட் பல்பு அளவுகூட இல்லை, அதற்குப் போய் அதை இயக்கும் கம்ப்ரஸர் சுமார் 7 கிலோவாட் தின்கிறது. அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் நிறுத்தினால் ஹீலியம் கொதித்துக் குழாய் வழியே வெளியே போகும், ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டருக்கு மேல் வாயுவாகும். மறுபடி நிரப்புகிற செலவுக்கு முன்னால் மிச்சம் பிடித்த கரண்ட் காசு எந்த மூலைக்கு?

வேதாரண்யம்: எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, அது போதாதா?

அதில் எதையெல்லாம் மாட்டியிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தபோது கடலோரத்தில் ஒரு சென்டரில் கம்ப்ரஸர் ஜெனரேட்டரில் இருந்தது, அதற்குத் தண்ணீர் அனுப்பும் சில்லர் மட்டும் இல்லை. கம்ப்ரஸர் சூடேறித் தானே நின்றுவிட்டது, அங்கே யாரும் கவனிக்கவில்லை. மரங்களை வெட்டி வழி விட்டபின் ஒன்பதாம் நாள்தான் நான் போக முடிந்தது. கதவைத் திறந்ததும் அந்த அமைதியிலேயே தெரிந்துவிட்டது. மீட்டரில் 87 சதவீதமாக இருந்த ஹீலியம் 61-க்கு வந்திருந்தது. இன்னொன்று, கடலோரத்து போர்வெல் தண்ணீரைச் சில்லரில் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து உள்ளே அடைத்துக்கொள்ளும்.

மயிலாடுதுறை: இந்தக் கருவிகளுக்கு உலகச் சந்தை எப்படி? முதலீடு செய்யலாமா?

சந்தை அறிக்கைகள் ஆளுக்கொரு தொகை சொல்லும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். எம்.ஆர்.ஐ. ஒன்று. சிப் தொழிற்சாலைகள் இன்னொன்று, அங்கே கிரையோ பம்ப் காற்று மூலக்கூறுகளைக் குளிர்ந்த தகட்டில் உறைய வைத்து வெற்றிடம் உண்டாக்குகிறது. இரவில் பார்க்கும் ராணுவக் கேமராக்களில் உள்ளங்கை அளவு ஸ்டிர்லிங் கூலர், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ஒரு கருவியை 7 கெல்வினுக்குக் (மைனஸ் 266 டிகிரி) கீழே வைக்கும் கூலர், இப்போது குவாண்டம் கணினிகள். எம்.ஆர்.ஐ. பக்கம் ஜப்பானின் சுமிட்டோமோ ஹெவி இண்டஸ்ட்ரீஸ் கை ஓங்கியிருக்கிறது. சிப் பக்கம் ப்ரூக்ஸ் நிறுவனத்தின் கிரையோ தொழிலை அட்லஸ் காப்கோ 2019-ல் 67.5 கோடி டாலருக்கு வாங்கியது. குவாண்டம் பக்கம் பின்லாந்தின் ப்ளூஃபோர்ஸ் நிறுவனம் 2023-ல் அமெரிக்காவின் கிரையோமெக் நிறுவனத்தை வாங்கியது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிர் சர்வீஸில் இருக்கிறது, கோல்டு ஹெட் தேயும் பொருள், சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். பங்கு வாங்கச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

குத்தாலம்: அண்ணே, எங்கள் ஊர் எரிவாயுவிலேயே ஹீலியம் இருக்கிறதாமே? அப்புறம் ஏன் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்?

உண்மைதான் தம்பி. கொல்கத்தாவில் இருக்கும் அணுசக்தித் துறையின் சைக்ளோட்ரான் மையம், குத்தாலம் ஓ.என்.ஜி.சி. நிலையத்தில் ஒரு சோதனை ஆலை வைத்து ஹீலியத்தைப் பிரித்துக் காட்டியது. வாயுவில் சுமார் 0.06 சதவீதம், அதாவது பத்தாயிரம் லிட்டரில் ஆறு லிட்டர். கத்தார் வாயுவில் அதைவிடக் குறைவு, 0.04 தான்! ஆனால் அவர்கள் ஏராளமான வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். மற்றதெல்லாம் திரவமாகும்போது ஹீலியம் மட்டும் வாயுவாகவே மிஞ்சும், எடுப்பது சுலபம். நம் பக்கம் வாயுவை அப்படியே குழாயில் அனுப்பி எரித்துவிடுகிறோம். யுரேனியமும் தோரியமும் சிதைந்து கோடிக்கணக்கான வருடத்தில் சேர்ந்த ஹீலியம் எரியாது, புகையோடு வானத்துக்குப் போகும், திரும்ப வராது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. இதற்காகப் புதுக் கிணறு தோண்டச் சொல்லவில்லை, 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது நல்ல காரியம். ஏற்கெனவே ஓடுகிற கிணற்று வாயுவிலிருந்தாவது பிரிக்கலாம். அதுவரை குறைவாகச் செலவழிக்கும் மெஷின்கள்தான் வழி. பழைய காந்தத்துக்கு 1,500 லிட்டர் வேண்டும், 2018-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த மூடிய வகைக்கு 7 லிட்டர் போதும்.

தஞ்சாவூர், மெக்கானிக்கல் மாணவி: கிரையோஜெனிக் என்ஜினும் இதுவும் ஒன்றா சார்?

இல்லை தங்கச்சி. மகேந்திரகிரியில் சோதிக்கும் ராக்கெட் என்ஜினில் எரிபொருளாகத் திரவ ஹைட்ரஜனும் அதை எரிக்கத் திரவ ஆக்சிஜனும் போகின்றன, இங்கே குளிரை உண்டாக்குவதே வேலை. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., கரக்பூர் ஐ.ஐ.டி. இரண்டிலும் இதற்குத் தனி மையம் உண்டு. வெற்றிடத் தொழில்நுட்பமும் கசிவு கண்டுபிடிப்பதும் கற்றுக்கொள்ளுங்கள், ஆள் கிடைப்பதில்லை.

திருத்துறைப்பூண்டி: தம்பி, உம்பளாச்சேரி மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கேனில் புகை வருகிறதே, அதற்குள்ளும் மெஷின் உண்டா?

மெஷின் இல்லை அக்கா, அது நல்ல ஃபிளாஸ்க், அவ்வளவுதான். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன், மெஷின் அதைத் தயாரித்த ஆலையில் இருக்கிறது. தினமும் ஆவியாகிக் குறையும், அதனால் ஒரு குச்சியை அடி வரை விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டிப் பார்ப்பார்கள், வெள்ளையாகப் பனி படிந்த உயரம்தான் திரவத்தின் அளவு. இரண்டு விரற்கடைக்குத்தான் பனி படிகிறது என்றால் அந்த ஊசியை நம்ப வேண்டாம். உறைவிந்துக் குச்சியை வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்கிறாரா என்றும் பாருங்கள், சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் சினை பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.