ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும்?

ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள், பழுது, சோதனை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. குறை எதுவும் தெரியவில்லை. மாற்ற வேண்டுமா? அதன் விவரத்தாளில் எம்.டி.பி.எஃப். (பழுதுக்குப் பழுது சராசரி இடைவெளி) 10 லட்சம் மணி நேரம் என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 114 வருஷம் வருகிறதே!

பதில்: வகுத்தது சரி, பொருள்தான் வேறு. அந்த 10 லட்சம் ஒரு டிஸ்க்கின் ஆயுள் அல்ல, கூட்டமாகப் பார்க்கும் கணக்கு. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 1,000 டிஸ்க்குகள் வருஷம் முழுக்க ஓடினால் 87.6 லட்சம் மணி நேரம். அதை 10 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 9. ஆயிரத்துக்கு ஒன்பது டிஸ்க் அந்த வருஷம் போகும் என்பதுதான் நிறுவனம் சொல்ல வருவது. சதவீதத்தில் 0.88. அதுவும் டிஸ்க்கின் பணிக்காலம் என்று அவர்களே வைத்திருக்கும் வருஷங்களுக்குள் மட்டும். அது பெரும்பாலும் ஐந்து.

நிஜ நிலவரம் இதைவிடக் கொஞ்சம் மோசம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் டிஸ்க்குகளை மாற்றுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது. தேய்மானம் கடைசி வருஷத்தில் திடீரென்று வருவதில்லை, முன்கூட்டியே தொடங்கி வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் அந்தக் கட்டுரை காட்டியது.

வருஷத்தை விட ஓடிய நேரத்தைப் பாருங்கள். தினம் 8 மணி நேரம் ஓடிய ஐந்து வருஷ டிஸ்க் 14,600 மணி நேரம்தான் உழைத்திருக்கும். இரவு பகலாக ஓடியது 43,800. நன்றாக ஓடும் டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து வருஷம் தாண்டியதும், வேறெங்கும் நகல் இல்லாத எதையும் அதில் வைக்காதீர்கள். புதிய டிஸ்க் முதல் பிரதிக்கு, பழையது இரண்டாம் பிரதிக்கு என்று இடம் மாற்றிவிட்டால் போதும்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது டிஸ்க் நிலை 'ஓகே' என்று வருகிறது. அதை நம்பலாமா?

பதில்: 'ஓகே' என்றால் நிறுவனம் குறித்த எல்லையை இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த எல்லை மிகத் தாராளமாக வைக்கப்பட்டது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளை நீங்களே திறந்து பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ், இரண்டும் இலவசம்.

வரிசை நிறைய இருக்கும். அதில் நான்கைந்து எண்கள்தான் முக்கியம். எண் 5, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதப்படும் சிறு கட்டங்கள்). எண் 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். எண் 198, டிஸ்க் தானே நடத்திய சோதனையிலும் மீளாதவை. எண் 187, திருத்த முடியாமல் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கப்பட்ட பிழைகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றைப் பதினாறடிமான எண்ணில் காட்டும்: 197 அங்கே சி5, 198 அங்கே சி6, 187 அங்கே பிபி. வலப்பக்கம் உள்ள மூல மதிப்பும் அதே கணக்குதான். 64 என்று தெரிந்தால் உண்மையில் 100. மெனுவில் மூல மதிப்பைப் பத்தடிமானத்துக்கு மாற்றிவைத்தால் இந்தக் குழப்பம் போய்விடும்.

197 ஏறினாலே டிஸ்க் செத்தது என்று பொருளில்லை. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே கைவிடாது. உள்ளே இருப்பது உங்கள் தகவலாயிற்றே. அதே இடத்தில் மறுபடி ஏதாவது எழுதப்படும்வரை காத்திருக்கும். எழுத்து சரியாகப் பதிந்தால் 197 குறையும், 5 ஏறாது. பதியாவிட்டால் மாற்று இடத்துக்குப் போகும், 5 ஏறும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற செக்டர் முதல் வகை. பரப்பே கெட்டது இரண்டாம் வகை. ஒருமுறை 8 ஆகி வருஷக்கணக்கில் 8-லேயே நிற்கும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். போன வாரம் 8, இந்த வாரம் 40 என்றால் அன்றே நகல் எடுங்கள். அதனால் மாதம் ஒருமுறை எண்களைத் தேதி போட்டு எழுதிவைப்பது நல்லது. ஓட்டத்தைப் பார்க்காமல் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அனாவசியமாகப் பயமுறுத்தும் எண்களும் உண்டு. சீகேட் டிஸ்க்குகளில் எண் 1, எண் 7 இரண்டின் மூல மதிப்பும் கோடிக்கணக்கில் இருக்கும். படித்த தடவைகளையும் பிழைகளையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவைப்பதால் வரும் தோற்றம் அது, பழுது அல்ல. எண் 199 ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, கேபிள். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். எண் இறங்காது, ஆனால் ஏறுவது நின்றால் தீர்ந்தது.

எல்லா எண்ணும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை வலுவான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

கேள்வி: வெளியில் மாட்டும் 2.5 அங்குல டிஸ்க் 'டிக்... டிக்...' என்கிறது. கம்ப்யூட்டரில் தெரியவில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும், உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டின் மேல் ஈரம் படியும். ஓடும்போது, தகவலைப் படித்து எழுதும் ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே 50,000 நானோமீட்டருக்கு மேல். நீர்த்துளி அங்கே ஒரு பாறை.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இவ்வகை டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரை இழுக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 0.5 ஆம்பியர், யு.எஸ்.பி. 3.0 என்றால் 0.9. ஹப்பைக் கழற்றிவிட்டு, நீளம் குறைந்த வேறொரு கேபிளில், கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். ஒரே ஒரு முறை. அப்போதும் டிக் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். ஹெட் தன் வழிக்குறிகளைத் தேடிக் காணாமல் ஓரத்துக்குத் திரும்பி, மறுபடி தேடப் போகும் சத்தம் அது. ஹெட் சேதமாகியிருந்தால் ஒவ்வொரு முறையும் அது தட்டைச் சுரண்டிக்கொண்டே போகும். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது.

கூட்டை உடைத்து உள்ளே இருப்பதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்று தோன்றும். பல மாடல்களில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் உங்களுக்குத் தெரியாமலேயே தகவல் பூட்டப்பட்டு எழுதப்பட்டிருக்கும். அந்த போர்டு இல்லாமல் படித்தால் குப்பைதான் வரும். அதே மாடலின் வேறு போர்டை மாற்றினாலும் பெரும்பாலும் ஓடாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் (ROM) சிப்பில் இருப்பதால் அந்தச் சிப்பையும் எடுத்துப் பற்றவைக்க வேண்டும். மூடியைத் திறப்பது பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே இருப்பது இல்லாமல் முடியாது என்றால், தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையம் ஒன்றே வழி.

கேள்வி: டிஸ்க் தெரிகிறது, ஆனால் சில ஃபைல்களைத் தொட்டால் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது. செக்டிஸ்க் ஓட்டலாமா?

பதில்: நகல் எடுக்கும்வரை கூடாது. செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சீராக்கும் கருவி, தகவலை மீட்கும் கருவி அல்ல. படிக்க முடியாத இடங்களில் மோதி மோதி நோயாளி டிஸ்க்கை மேலும் களைக்கவைக்கும்; அரைகுறையாக இருக்கும் ஃபைல்களை வெட்டியும் விடும்.

சரியான வழி, முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. இலவசமாகக் கிடைக்கும் குனூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. லினக்ஸ் உள்ள பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டரை இயக்குங்கள். நகல் போகும் டிஸ்க் மூலத்தின் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டச் சொல்லி நல்லதையெல்லாம் அள்ளிவிடுங்கள். அடுத்த சுற்றில் விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்பதைக் குறிக்கும் வரைபடக் கோப்பை மூன்றாவது ஓர் இடத்தில் சேமியுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொடங்குமுன் இரண்டு டிஸ்க்குகளின் வரிசை எண்ணையும் சரிபாருங்கள். மூலத்தையும் நகலையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் தகவலின் மேல் எழுதப்பட்டுவிடும். செக்டிஸ்க் எல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் நகலின் மேல்தான்.

கேள்வி: வேலை நடுவே மின்சாரம் போனால் ஹெட் தட்டில் விழுந்துவிடுமா?

பதில்: விழாது. சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்தாலேயே மோட்டார் ஒரு கணம் ஜெனரேட்டராக மாறி, ஹெட்டை ஓரத்திலுள்ள சரிவுக்கு ஏற்றிவிடும். ஆபத்து ஹெட்டுக்கு அல்ல, இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் நிற்கும் தகவலுக்கு. யு.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் ஹெட்டைத் தேய்ப்பது வேறு: மின்சாரத்தை மிச்சப்படுத்த அடிக்கடி அதை ஓரங்கட்டும் அமைப்பு. இந்த ஏற்றி இறக்கலுக்கு 3 லட்சம் அல்லது 6 லட்சம் தடவை என்று கணக்கு உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தால் நாளுக்கு 1,440. இரவு பகலாக ஓடும் டிஸ்க்கில் 3 லட்சம் 208 நாளில் தீர்ந்துவிடும். எண் 193-ஐப் பாருங்கள், வேகமாக ஏறினால் மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்துங்கள்.

கேள்வி: புது டிஸ்க் வாங்கியதும் நேரே பயன்படுத்தலாமா?

பதில்: ஒரு நாள் பொறுங்கள். வழியில் பட்ட அடி வெளியே தெரியாது. ஸ்மார்ட் எண்களைக் குறித்துக்கொண்டு முழு ஃபார்மட் செய்யுங்கள், விரைவு ஃபார்மட் அல்ல. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் எல்லாச் செக்டரிலும் பூஜ்யம் எழுதுகிறது. நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் 4 டி.பி. டிஸ்க்குக்கு ஏழரை மணி நேரம் ஆகும். பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை, அதற்கும் அவ்வளவு நேரம். முடிவில் 5, 197, 198 மூன்றில் ஏதாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். புது டிஸ்க்கில் ஓடிய நேரம் நூற்றுக்கணக்கில் காட்டினாலும் அப்படியே.

கேள்வி: எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் போகுமா?

பதில்: எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதுவது. அதனால் அடி, அதிர்ச்சி, டிக் சத்தம் போகும். எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயமும் வீட்டுப் பயன்பாட்டில் வீண். 600 டி.பி. எழுத்துக்கு உத்தரவாதம் உள்ள எஸ்.எஸ்.டி.யில் தினம் 50 ஜி.பி. எழுதினாலும் 32 வருஷம் வரும். அதற்குள் வேறு ஏதாவது போகும், பெரும்பாலும் அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர். போகும்போது டிக் என்றுகூடச் சொல்லாது. அழித்த இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் டிரிம் கட்டளை வேலை செய்வதால் அழித்த ஃபைலை மீட்கும் வாய்ப்பும் மிகக் குறைவு.

அலமாரியில் போட்டு வைக்க மட்டும் எஸ்.எஸ்.டி. வேண்டாம். எழுத்து உத்தரவாதம் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிர்ணயம் கேட்பது. புதிது இதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் சூடான அறையில் பல வருஷம் விட்டுவைக்க ஹார்ட் டிஸ்க்தான் தேவலாம். அதையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாட்டி, முழுவதும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ரெய்டு போட்டுவிட்டேன். தனியாக பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டில், தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

கேள்வி: பழைய டிஸ்க்கை ஒழிக்கும் முன் சுத்தியலால் அடித்தால் போதுமா?

பதில்: ஓடுகிற டிஸ்க் என்றால் ஒருமுறை முழுக்கப் பூஜ்யம் எழுதினால் போதும், ஏழு தடவை எழுத வேண்டியதில்லை. மாற்று இடம் பெற்ற பழைய செக்டர்களை மட்டும் இது தொடாது. அதற்கு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அழிப்பு கட்டளை உண்டு. ஓடாத டிஸ்க் என்றால் சுத்தியல்தான். ஆனால் 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, அடித்தால் தூள் தூளாகச் சிதறும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு அடியுங்கள்.